குட்டைப் புல்

காலையில் பின்வாசலில் நின்று, வேலிக்கு அந்தப்பக்கம் தங்கை வீட்டுப் புல்வெளியைப் பார்த்தபடி பல் துலக்குவது என் வழக்கம். அதில் யாருக்கும் தொந்தரவு இல்லை. தொந்தரவெல்லாம் அவள் கணவரால் வந்தது.

அந்தப் புல்லில் புல்துள்ளி இருந்தது. பட்டாம்பூச்சி இனம்தான், பழுப்பு நிறம், கட்டைவிரல் நகத்தளவு. நீங்கள் பார்த்தால் ஈ என்று விரட்டிவிடுவீர்கள். குட்டையான இளம்புல்லில்தான் முட்டை வைக்கும். அதன் புழு புல்லிதழின் இரண்டு ஓரங்களையும் நூலால் இழுத்துத் தைத்து உள்ளே குடியிருக்கும். குளவி மோப்பம் பிடித்து வந்துவிடும் என்று எச்சத்தைத் தொலைவில் எறிந்துவிடும். அவ்வளவு சுத்தம். மாப்பிள்ளை சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துப் போடமாட்டார்.

ஆனால் மாதம் தவறாமல் புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். தைத்து வைத்த வீடெல்லாம் தூள். வேண்டாம் என்று நயமாகத்தான் சொன்னேன்.

"பூச்சிக்கு வக்காலத்து வாங்குற ஒரே ஆளு நீங்கதான் மச்சான்," என்று சிரித்தார். தங்கையும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன்.

அன்று மெஷினில் புல் சிக்கி நின்றுவிட்டது. அவர் அதைச் சாய்த்து அடியில் கையை விட்டார்.

"பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா மச்சான்?"

"பிடுங்கியாச்சு மாப்பிள்ளை."

பிடுங்கவில்லை. கைப்பிடியிலிருந்த விசையையும் நான்தான் அழுத்தினேன். விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள், திருத்திக்கொள்ளுங்கள்.

போன் என் சட்டைப்பையிலேயே இருந்தது. "அவளக் கூப்பிடுங்க மச்சான்," என்று இரண்டு முறை கேட்டார். அந்நேரம் பார்த்து அவருடைய காலரில் ஒரு புல்துள்ளி வந்து உட்கார்ந்து வியர்வையை உறிஞ்சத் தொடங்கியது. நான் அசைந்தால் பறந்துவிடும். அது வயிறு நிறைந்து கிளம்பும்வரை காத்திருந்தேன். அதற்குள் அவரும் அடங்கிவிட்டார்.

பிறகு யாரும் அங்கே புல் வெட்டவில்லை. இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது, பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் இந்தப் பருவத்தில் ஒரு புல்துள்ளிகூட இல்லை.

நேற்று தங்கை வேலியோரம் நின்று சொன்னாள்: "குட்டைப் புல்லுலதான் முட்டை வைக்கும்னு நீதானே சொல்லுவ அண்ணா? அவரு வெட்டிக்கிட்டே இருந்தாரு, அதுவும் வந்துச்சு. இப்ப வெட்ட ஆளு ஏது?"

துக்கத்தில் ஏதேதோ பேசுகிறாள். எனக்குத் தெரியும், அந்த மனிதர் சும்மா போகவில்லை, அவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார். அவர்மேல் புகார் கொடுக்கத்தான் வந்தேன் ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.