எண்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு

எண்பத்தொரு வயதில் விஸ்கான்சின் மாநில சைக்கிள் சாலைப் பந்தயத்தில் பதினோரு நிமிட முன்னிலையில் ஜெயித்தேன். கடைசி மேட்டில் ஒரு மானை முந்தினேன். மான் ஒதுங்கி வழிவிட்டது. அடுத்தவர் எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் நான் குளித்து, இரண்டு சாசேஜ் தின்று, ஒரு குட்டித் தூக்கமும் போட்டிருந்தேன்.

மானும் தூக்கமும் போக மற்றது உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. மாநில சாதனை என்பதால் சைக்கிள் சங்கத்திலிருந்து பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள் அம்மா, சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது எழுபத்து நான்கு.

எங்கள் விளையாட்டில் வயதை ஐந்தைந்தாகக் கூறுபோடுவார்கள். எழுபது எப்போது வரும் என்று குழந்தைகளைப் போலக் காத்திருப்போம். அந்தப் பிரிவில் அப்போது நாம்தான் இளைஞன். எழுபத்து நான்கில் அதே பிரிவில் நாம்தான் கிழவன். போன ஏப்ரலில், எழுபது நிரம்பிய ஒரு பொடியன் என்னைத் தாண்டும்போது, "ஓரமாப் போங்க தாத்தா" என்றான். அவனுக்கே ஏழு பேரப்பிள்ளைகள். முப்பது வருடத்தில் நான் ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை. எழுபத்தைந்தில் அடுத்த பிரிவின் இளைஞனாக, இன்னும் ஒரு வருடம் பொறுத்திருக்கலாம்தான். ஆனால் இந்த வயதில் ஒரு வருடத்துக்கு யார் உத்தரவாதம் தருவார்கள்?

அன்று தபாலில் என் அண்ணன் ஆர்விலின் பந்தய உரிமம் வந்திருந்தது. எண்பத்தொரு வயதுக்காரர் அவர்தான். மனைவிமார் போனபின் ஒரே வீட்டில் இருந்தோம். எந்தப் பந்தயமானாலும் அவர் முன்னால். எதிர்காற்றுக்கு ஒளிந்துகொண்டு நான் அவர் பின்னால். "டேய் டுவேன், என் முதுகைப் பாத்துட்டே வாடா, வழி தப்பாது" என்று கத்துவார். இப்போது அவருக்குத்தான் வழி தப்பத் தொடங்கியிருந்தது. சைக்கிளில் ஏறிவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று என்னைக் கேட்டார்.

உரிமத்தில் புகைப்படம் கிடையாது. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டினால், எழுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே ஆள்.

அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்வார், முட்டை அவரே பொரிப்பார், இருந்தாலும் வேண்டியிருந்தது. அங்கே வரவேற்பில் இருப்பவளின் கணவர்தான் பந்தயங்களில் நேரம் குறிப்பவர். நம்பரைப் பார்ப்பாரே தவிர, யார் முகத்தையும் பார்த்ததில்லை. ஆனால் ஆர்வில் என்ற பெயர் கட்டிலில் இருந்தால், சனிக்கிழமை தொடக்கக்கோட்டில் அது எப்படி நிற்கும்? ஆகவே சேர்க்கைப் படிவத்தில் என் பெயரை எழுதினேன். என் பெயர்தானே அம்மா, யாருக்கும் கொடுப்பேன். அவருக்குப் பெனிசிலின் ஆகாது. அது அவருடைய மருத்துவக் கோப்பில் இருக்கிறது, என்னுடையதில் இல்லை. இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

அவர்தான் ஒத்துழைக்கவில்லை. "நான் ஆர்வில். டுவேன் என் தம்பி" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். "பாவம், எந்நேரமும் உங்க நினைப்புதான் சார்" என்றாள் நர்ஸ், ஆர்வில் என்று கையெழுத்துப் போட்டு உள்ளே போன என்னிடம். நோய் முற்றுகிறது என்று குறித்துக்கொண்டார்கள்.

நானும் உதவினேன். ஞாயிறுதோறும் அவருக்குப் பிடித்த வனிலா கஸ்டர்ட் வாங்கிப் போவேன். பெயர் கேட்பேன். டுவேன் என்றால் கிண்ணம் அவருக்கு. ஆர்வில் என்றால் எதிரே உட்கார்ந்து நானே தின்றுவிடுவேன். முதல் இரண்டு மாதத்தில் எனக்கு ஐந்து பவுண்டு ஏறிவிட்டது. மேடு ஏறுபவனுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகஸ்டில் ஜெயித்தேன். நேரம் குறித்தவர் நம்பினார், உள்ளூர்ப் பத்திரிகை நம்பியது, தோற்ற இரண்டு பேரும் கைகுலுக்கினார்கள். பதக்கத்தை அவரிடம் காட்டி, "ஆர்வில் ஜெயிச்சது" என்றேன்.

"நான் அந்த ரேஸுக்கே போகலையேடா. எவன் ஜெயிச்சான்?" என்றார்.

ஊரிலேயே சந்தேகப்பட்ட ஒரே ஆள். அது எனக்கு வருத்தமாக இருந்தது. கஸ்டர்ட் தொடர்ந்தது.

போன ஞாயிறு பதக்கத்தை வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் ஒன்றுமே கேட்கவில்லை, அம்மா. கிண்ணம் என் மடியில் இருந்தது, அவ்வளவுதான். அவனாகத்தான் சொன்னான்:

"நான்தான் நம்பாம இருந்துட்டேன். பதினோரு நிமிஷம்! நெசமாவே ஜெயிச்சிட்டே அண்ணே. நான் என்னைக்கும் உன் முதுகைப் பாத்துட்டு வர்றவன்தானே."