வருவாரா மேடு

என்ன சம்பந்தி, முறுக்கைக் கையில வச்சுக்கிட்டு அப்படி முழிக்கிய? உங்க பக்கத்துல இந்தப் பழக்கம் கெடையாதுல்லா, அதான். சாயங்காலம் எங்க ஊர் வள்ளம் ஒண்ணு வரப் பிந்திட்டு. பொம்பளையெல்லாம் அந்த மேட்டுல ஏறி நின்னு "வருவாரா?"ன்னு கேட்டாவ. கரையில நின்ன நாங்க "வருவாரு!"ன்னு கத்துனோம். அது உங்களுக்குப் புரிஞ்சுட்டு. வள்ளம் வந்துட்டு, ஆளும் எறங்கியாச்சு. அதுக்குப் பொறவும் ஒரு தடவை "வருவாரா?"ன்னு கேட்டோமே, அது யாருக்குன்னு மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் கேக்காரு. நல்ல கேள்வி. பொண்ணு பாக்க வந்த எடத்துல கொழம்புல உப்பு கொறச்சல்னு சொல்லாம இதைக் கேட்டாரே, அந்த மட்டுக்கும் எனக்குச் சந்தோசம். எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க. நடுவுல யாரும் பேசக் கூடாது. பேசுனா நான் எந்திரிச்சுப் போயிருவேன், பொறவு என்னைக் கூப்பிடக் கூடாது.

ரொம்ப முந்தி. இந்த நெடுந்துறைக்கு ரோடு வராத காலம். முன்னால கடல், பின்னால செம்மணல் தேரிக்காடு, நடுவுல எங்க ஆளுவ. உசரம்னு சொன்னா கோயில் கோபுரம் ஒண்ணு, அதைச் சுத்தி நாலஞ்சு பனை. அந்தக் காலத்துல ஒரு நாள் கொழும்புத் தோணி ஒண்ணு கரையை ஒட்டி வந்து, ஒரு வெள்ளைக்காரிய எறக்கி விட்டுட்டுப் போச்சாம்.

பொம்பளைக்கு நெருப்பாக் காய்ச்சல். தூத்துக்குடி வரைக்கும் தாங்க மாட்டான்னு தோணிக்காரனுக்குப் பயம். கூட ஒரு பெட்டி. ஆளு நல்ல உசரம், முப்பது வயசு இருக்கும். அவளைத் தூக்கிட்டுப் போயி குடிசையில போட்டுக் கஞ்சி ஊத்துனது யாருன்னா, கித்தேரி. சந்தியாகு பொண்டாட்டி. அந்த ரெண்டு பேருதான் எங்க அய்யாவைப் பெத்தவங்க. அப்ப கித்தேரி புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு.

கொஞ்சம் தெளிஞ்சு கண்ணைத் தொறந்தாளாம் வந்தவ. கித்தேரி தன் நெஞ்சைத் தொட்டு, "நான் கித்தேரி. நீ?"ன்னு கேட்டிருக்கா.

அவளும் நெஞ்சைத் தொட்டு, "வர்வாரா"ன்னா.

"யாரு வருவாரா?"

"வர்வாரா!"

"அதான் யாருன்னு கேக்கேன். புருசனா?"

"வர்வாரா! வர்வாரா!"

கித்தேரி வெளிய வந்து ஊர்ல சொல்லிட்டா. "பாவம், உசுரு போற காய்ச்சல்லயும் யாரோ வருவாரா, வருவாரான்னுதான் கேக்கா"ன்னு. ஊரே கரையில போயி நின்னுச்சாம், எவன் வரப்போறான்னு. சிரிக்காதிய சம்பந்தி. உங்க ஊரா இருந்தா நீங்களும் போயி நின்னிருப்பிய.

பொறவு எங்க கோயில் சாமியாரு வந்தாரு. அவரு பிரான்சுக்காரரு. அவரு பாசையில பேசுனதும் இவ படபடன்னு பேசிட்டா. சாமியாரு வெளிய வந்து, "ஏ மக்கா, வர்வாராங்கது இவ பேரு. ருஷ்யாச் சக்கரவர்த்தி குடும்பத்துப் பொண்ணு. கிராண்ட் டச்சஸ்!"னு சொன்னாராம். எங்க ஆளுவ வாயில கிராண்ட் டச்சஸ் நொழையுமா? கிராண்டாச்சின்னு ஆக்கிட்டாவ. முப்பது வயசுப் பொண்ணு, ஊருக்கே ஆச்சி!

ஆனா ஒண்ணு. பேரைத் தப்பாக் கேட்டாலும் எங்க ஆளுவ நெனைச்சது தப்பில்லை. அவ நெசமாவே ஒருத்தருக்காகக் காத்துட்டுத்தான் கெடந்தா. அவ அண்ணன். தாயில்லாப் பிள்ளைய தோள்ல போட்டு வளர்த்த அண்ணன். அவங்க நாட்டுல சனங்க சக்கரவர்த்திய எறக்கிட்டு, அரண்மனை ஆளுவளைத் தேடித் தேடிப் புடிக்கும்போது, தங்கச்சிய மட்டும் ஒரு கப்பல்ல ஏத்தி விட்டிருக்காரு. "நீ எந்தக் கரையில எறங்குதியோ அங்கேயே இரு. நகராத. அடுத்த கப்பல்ல நான் தேடி வருவேன்"னு சொல்லி விட்டிருக்காரு.

சேதி தெரிஞ்சு வெள்ளைக்காரத் துரை ஒருத்தரு வண்டி கட்டிட்டு வந்தாராம். சாமியாருதான் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பேசுனாரு.

"அம்மா, மெட்ராசுல பங்களா இருக்கு, வேலைக்காரங்க இருக்காங்க, கெளம்புங்க."

"எறங்குன கரையில இருக்கச் சொன்னாரு எங்க அண்ணன். இருக்கேன்."

"இங்க எப்படி இருப்பிய? அவரு எப்ப வருவாருன்னு யாருக்குத் தெரியும்?"

"வாறது அவரு வேலை. இருக்கது என் வேலை."

துரை வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிட்டாரு. அப்படி ஒரு பொம்பளை.

இருந்தா சரி, ஒரு வேலை தெரியுமா? தெரியாது! அரிசி களையத் தெரியாது, அடுப்பு ஊதத் தெரியாது. மீனை அரியச் சொன்னா அரிவாமணைய மொறைச்சுப் பாக்குமாம் அந்த மகராசி. ஆனா சும்மா சோறு திங்க மாட்டா. "என்ன வேலை, என்ன வேலை"ன்னு கித்தேரி உசுரை வாங்கிட்டா. கடைசியில அவளுக்கு வந்த ஒரே வேலை தையல். அரண்மனையில பூத்தையல் படிச்சிருக்கா. சந்தியாகு வள்ளத்துப் பாய் கிழிஞ்சு கெடந்துச்சு, ஒட்டுப் போடுன்னு குடுத்தாவ. ஒட்டும் போட்டு, ஒட்டைச் சுத்தி ரோசாப்பூவும் போட்டு வச்சிருக்கா.

சந்தியாகு தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஆச்சி, பக்கத்து ஊர்க்காரன் பாத்துச் சிரிக்கான்."

"கிழிஞ்சுதா?"

"கிழியலை."

"பொறவென்ன? போ!"

அதுக்குள்ள தமிழு வந்துட்டு பாத்துக்கிடுங்க, எங்க தமிழு. கித்தேரியும் அவளும் அக்கா தங்கச்சி மாதிரி ஆயிட்டாவ. ஊரே கிராண்டாச்சின்னு கூப்புட்டாலும் கித்தேரி மட்டும் பேரைச் சொல்லித்தான் கூப்புடணும்னு அவளுக்குச் சட்டம். ஒரு நாள் கித்தேரி, "ஏட்டி வர்வாரா, உன் பேருக்கு எங்க பாசையில என்ன அர்த்தம் தெரியுமா?"ன்னு வெளக்கிச் சொன்னாளாம். விழுந்து விழுந்து சிரிச்சாளாம். சிரிச்சிட்டு இருந்தவ அப்படியே அழுதுட்டா. "நான் என்ன கேக்கப் போறேன்னு எங்கம்மாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, கித்தேரி"ன்னாளாம்.

அந்தப் பெட்டின்னு சொன்னேன்லா. அதுல இருந்தது ஒரே ஒரு உடுப்பு. அரண்மனை உடுப்பு, செக்கச் செவேல்னு வெல்வெட்டு, பின்னால தரையில நீளமா இழுபடும். அண்ணன் வார அன்னைக்கு அதை உடுத்திக்கிட்டுத்தான் எதுக்கப் போயி நிப்பாளாம். எளைச்சு, கறுத்துப் போன தங்கச்சிய அதை வச்சுத்தான் அண்ணன் அடையாளம் கண்டுபிடிப்பாருன்னு அவ நெனைப்பு. மாதா திருவிழாவுக்கு மட்டும் ஒரு தடவை எடுத்து உடுத்துனா. வாலைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஊர்ப் பொம்பளையெல்லாம் பின்னால போவ, ஆம்பளையெல்லாம் சிரிக்க, ஒரே கூத்து. அன்னைக்குக் கடல்ல இருந்து பிந்தி வந்த சந்தியாகு, "ஆச்சி, கரையில வேற ஒண்ணும் தெரியலை, நீ உடுத்துன செகப்பு நடுக்கடல் வரைக்கும் தெரிஞ்சுது"ன்னாராம். இதை மனசுல வச்சுக்கிடுங்க.

இனிமேதான் கதை. ஐப்பசியில ஒரு புயல் அடிச்சுது. சாதாரணப் புயல் இல்லை. கோயில் கோபுரம் சாஞ்சிட்டு. பனை ஒண்ணு பாக்கியில்லை. மத்த வள்ளமெல்லாம் எப்படியோ கரையைப் புடிச்சிட்டு. சந்தியாகு வள்ளம் மட்டும் வரலை. அஞ்சு பேரு. கித்தேரி அப்ப மாசமா இருக்கா, வயித்துல எங்க அய்யா.

காத்து அடங்குச்சு. ஒரு நாள் பாத்தாவ, ரெண்டு நாள் பாத்தாவ. பொறவு ஊர்ப் பெரியவரு, பட்டங்கட்டியாருன்னு சொல்லுவோம், அவரு சொல்லிட்டாரு. "போனது போச்சு. துக்கத்துக்கு உள்ளதைச் செய்ங்க." பொம்பளையெல்லாம் அழுதுக்கிட்டே கித்தேரி வீட்டுக்கு வந்தாவ, தாலியை எடுக்க.

வாசல்ல யாரு நிக்கா? வர்வாரா! கையில ஒலக்கை!

"எவளாவது உள்ள கால வச்சா மண்டையைப் பொளந்துருவேன்!"

பட்டங்கட்டியாரு வந்தாரு. "ஆச்சி, நீ எங்க வழக்கத்துல தலையிடாத. கடலைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. கடல்ல இருந்து கரையை எதைப் பாத்துக் கண்டுபிடிப்பிய?"

"கோபுரத்தைப் பாத்து. பனையைப் பாத்து."

"கோபுரம் எங்க? பனை எங்க?"

எங்க கரைக்கு முன்னால கடலுக்குள்ள பாறை வரிசையாக் கெடக்கு. அதுல ஒரே ஒரு வாசல்தான் உண்டு. கோபுரத்துக்கு நேரா வந்தாத்தான் வாசல், தப்புனா வள்ளம் செதறிரும். அடையாளம் இல்லாத கரைக்கு எந்த மடையன் வருவான்? வேற ஊருன்னு நெனைச்சு வெலகித்தான் போவான். அழுத அழுகையில இது ஒருத்தனுக்கும் தோணலை. எறங்குன கரையை அடையாளம் வச்சுக் காத்துக் கெடந்தாளே, அவளுக்குத்தான் தோணிச்சு.

ஒலக்கையைப் போட்டா, பெட்டியைத் தொறந்தா. அந்தச் செகப்பை எடுத்தா. கித்தேரி ஓடி வந்து கையைப் புடிச்சிட்டா. "ஐயோ வேண்டாம்! உங்க அண்ணன் வந்தா எதை உடுத்துவ?"

"எங்க அண்ணனுக்கு என் மூஞ்சி தெரியும்"ன்னாளாம். இத்தனை நாளும் தெரியாதுன்னு பயந்தவ! அரிவாமணையில வச்சுச் சரசரன்னு அறுத்தா. மீனை அரியத் தெரியாதவ அதை அறுத்துட்டா.

ஒடஞ்ச வள்ளத்துப் பாய்மரம் ஒண்ணு கெடந்துச்சு. அதுல துணியைக் கட்டி, தனியா இழுத்துக்கிட்டு, கோயிலுக்கு முன்னால இருக்க இந்த மேட்டுல ஏறுனா. விடிஞ்சு கொஞ்ச நேரம் இருக்கும். மேடு பூரா பொலபொலன்னு மணலு. நட்டா சாயும், நட்டா சாயும். நாலாம் தடவை அவ நடலை. மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா. கித்தேரியும் வயித்தைத் தாங்கிக்கிட்டு ஏறி வந்து, பக்கத்துல நின்னு புடிச்சா.

உச்சி வெயிலு. கித்தேரிக்கு முடியலை. கண்ணு இருட்டுது. "வர்வாரா..."ன்னா.

அவ கடலை விட்டுக் கண்ணை எடுக்கலை. "வருவாரு!"ன்னா.

இன்னும் செத்த நேரம். "வர்வாரா..."

"வருவாரு!"

பேரைச் சொல்லிக் கூப்புட்டாளா, புருசன் வருவாரான்னு கேட்டாளா? இன்னைக்கு வரைக்கும் எங்க குடும்பத்துல இதுக்குச் சண்டை உண்டு. கேட்டுத்தான் இருப்பான்னு நான் சொல்லுவேன், கூப்புட்டான்னு என் தங்கச்சி சொல்லுவா. எதுவா இருந்தா என்ன, பதில் ஒண்ணுதான்.

கீழ நின்ன சனத்துக்குப் பொறுக்கலை. தாலி எடுக்க வந்தவளே மொதல்ல மேல ஏறி மரத்தைப் புடிச்சா. பொறவு ஒவ்வொருத்தியா ஏறுனாவ. பட்டங்கட்டியாரு தலைப்பாகையை அவுத்துக் கயிறாத் திரிச்சுக் கட்டுனாரு. கித்தேரி கேக்க, ஊரே பதில் சொல்லுது. "வருவாரா?" "வருவாரு!" "வருவாரா?" "வருவாரு!"

வெயில் சாயுற நேரம். தூரத்துல ஒரு பாய். அதுல ஒரு ஒட்டு. கிட்ட வரவும் ஒட்டைச் சுத்தி ரோசாப்பூ!

அஞ்சு பேரும் வந்து எறங்குனாவ, நாக்கு வறண்டு போயி. சந்தியாகு சொன்னாராம்: "கரை ரெண்டு தடவை கண்ணுல பட்டுது. கோபுரம் இல்லை, பனை இல்லை. இது நம்ம ஊரில்லைன்னு வெலகிப் போனோம். இன்னைக்கும் திருப்பிட்டோம். அப்பதான் ஒரு செகப்பு தெரிஞ்சுது. 'ஏல, அது நம்ம கிராண்டாச்சி பாவாடைல்லா!'ன்னு கத்துனேன். அதுக்கு நேரா வந்தோம்."

அவ கை ரெண்டும் மரத்தோட இறுகிப் போச்சு. ஒவ்வொரு விரலா எடுத்து விட்டாவளாம். அப்படி ஒரு பொம்பளை. அன்னைக்கு அவ நிக்கலைன்னா எங்க அய்யா தகப்பன் முகத்தைப் பாத்திருக்க மாட்டாரு. இந்தப் பிள்ளைக்கும் உங்க பையனுக்கும் சம்பந்தம் பேசுதோம்லா, அதுக்குள்ள எத்தனை விதி இருக்குன்னு யோசிச்சுக்கிடுங்க.

அவ அண்ணனா? வரலை. வருசம் போச்சு, கப்பல் போச்சு, சக்கரவர்த்தி குடும்பத்தைப் பத்தி யாரும் பேசுறதும் நின்னு போச்சு. அவ நகரலை. முப்பது வயசுல எறங்குனவ கெழவியானா. எங்க அய்யாவுக்குப் பாய் தைக்கச் சொல்லிக் குடுத்தது அவதான். கடைசியிலயும் காய்ச்சல்தான் வந்துச்சு. அதே குடிசை, பக்கத்துல அதே கித்தேரி. கண்ணைத் தொறந்து பாத்தாளாம்.

"கித்தேரி. வருவாரா?"

அன்னைக்குத்தான் அவ மொத மொதல்ல கேட்டா. அது வரைக்கும் ஊருக்குப் பதில் சொன்னவ, தனக்குன்னு கேட்டதே இல்லை. கித்தேரி அவ கையைப் புடிச்சுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பாத்தா. அப்ப வாசல்ல நின்ன சந்தியாகு கத்துனாரு, "வருவாரு!" அவருக்குப் பின்னால முற்றத்துல நின்னவங்க, முற்றத்துக்கு வெளிய நின்னவங்க, எல்லாரும் கத்துனாவ. அது அவ காதுல விழுந்துச்சு. கேட்டுட்டுத்தான் கண்ணை மூடுனா.

கல்லறைத் தோட்டம் தேரிப் பக்கம். அங்க கொண்டு போகலை. எறங்குன கரைய விட்டு நகர மாட்டான்னு ஊருக்கே தெரியும்லா? அந்த மேட்டுலயே வச்சாவ, கடலைப் பாத்து. அதான் வருவாரா மேடு. அதுல ஒரு கம்பு, கம்புல செகப்புத் துணி. எங்க ஊர்ல வள்ளம் பிந்துனா அழக் கூடாது, தாலியத் தொடக் கூடாது, மேட்டுல ஏறிக் கேக்கணும். வள்ளம் எல்லாம் வந்த பொறவு இன்னும் ஒரு தடவை கேக்கணும். அது அவ அண்ணனுக்கு.

என்ன சொன்னிய சம்பந்தி? நடுவுல பேசக் கூடாதுன்னேன்லா! நூறு வருசம் ஆச்சு, இனிமே அவரு எங்க வரப்போறாருன்னா கேக்கிய?

வாறது அவரு வேலை. கேக்கது எங்க வேலை.