குட்டிக்குதிரைக்குப் போட்ட தொப்பி

வெள்ளிக்கிழமையே ரொட்டி வாங்கி வைத்துவிட வேண்டும். சனிக்கிழமை காலையில் எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வருவார்கள். வயிறு காய்ந்தால் என்ன தலைப்புக் கொடுத்தாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதுவார்கள். இதை என் வாக்குமூலத்தின் முதல் வரியாகப் போடச் சொன்னேன். நீங்கள் போடவில்லை. விசாரணை அதிகாரியைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள், ஆனால் நீங்கள் எழுதிக் கொண்டுவந்த தாளில் "மேற்படி நபர்" என்று ஒன்பது இடத்தில் வருகிறது. அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

மேற்படி நபரின் பெயர் ஜூரா. வயது ஐம்பத்தெட்டு. நாரின் நகரத்தில் ஒரு சின்ன நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கணவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலிச் செய்தி வாசிப்பவர் சொல்வதை நானும் கூடவே சொல்வேன். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் குரல் கட்டிக்கொண்டு நிற்கும்.

மூன்று வருடத்துக்கு முன் எழுத்துப் பட்டறையை ஆரம்பித்தேன். மாதம் ஒரு தலைப்பு. உப்பு, முதல் பனி, பக்கத்து வீடு, இப்படி. "எந்த நிலையில் எழுதுகிறவரும் வரலாம்" என்று கதவில் ஒட்டினேன். நிலை என்று சொல்லும்படி ஒன்று இருந்தது கல்லூரியில் படிக்கும் பெரிசாத்துக்கு மட்டும்தான். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் காதிர் எந்தத் தலைப்பிலும் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். உப்பு என்றால் உப்பு ஏற்றிய லாரி. காதல் என்றால் காதலியை ஏற்றிய லாரி.

எங்கள் வழக்கம் இது. வியாழக்கிழமைக்குள் எல்லாரும் எழுதியதை என்னிடம் கொடுக்க வேண்டும். யார் கையெழுத்து என்று தெரியாமல் இருக்க நான் தட்டச்சு செய்து, மடித்து, சனிக்கிழமை காதிரின் கால்பாக் தொப்பியில் போடுவேன். ஆளுக்கொன்று எடுத்து, அடுத்தவர் எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும். எழுதியது யார் என்று கேட்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் தொப்பியைக் கழற்றும்போது காதிர் முணுமுணுப்பார்.

"ஏம்மா ஜூரா, கால்பாக்குன்னா தலையில இருக்கிறது. அதைப் போயி இப்படிக் கவுத்துப் போட்டுத் திருவோடு ஆக்கிட்டியே. என் அப்பன் பார்த்தா என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டான்."

"உங்க அப்பா எழுத வந்திருந்தா அவர் தொப்பியையும் கேட்டிருப்பேன்."

சிரிப்போம். அந்த மூன்று மணி நேரத்துக்காக மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

சோனுன் வந்தது இரண்டாம் வருட இலையுதிர் காலத்தில். பாலர் பள்ளியில் சமையல் வேலை. கணவர் இல்லை, மைத்துனர் வீட்டில் ஒரு அறை. ஒரே மகன் திலெக் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருப்பதாக ஊருக்குச் சொல்லியிருந்தாள். என்னிடம் மட்டும் நான்காம் வாரம் உண்மையைச் சொன்னாள்.

"அக்கா, அவன் ஜெயில்ல இருக்கான். சண்டையில ஒருத்தன் தலை உடைஞ்சிருச்சு. லெட்டர் வந்தா கவர் மேலேயே ஜெயில் முத்திரை இருக்கு. மைத்துனர் பொண்டாட்டி பார்த்தா ஊருக்கே தண்டோரா போட்டுருவா. உங்க லைப்ரரி அட்ரஸுக்கு வரச் சொல்லட்டுமா?"

சொல்லச் சொன்னேன். அவள் எழுதும் பதிலையும் நானே தபாலில் சேர்ப்பதாகச் சொன்னேன், ஏனென்றால் தபால் நிலையத்தில் அந்த முகவரியைக் காட்ட அவளுக்குக் கூச்சம். இதெல்லாம் உதவி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

புதன்கிழமை வேலை முடிந்து பொரித்த ரொட்டியோடு வருவாள். கடிதம் வந்திருந்தால் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நானே படித்துக் காட்டுவேன், அவளுக்குக் கண் சரியில்லை. எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் உட்கார்ந்திருக்கும்போது அந்த அறை சூடாக இருக்கும், அடுப்பு எரியாத நாளிலும்.

ஒன்றைக் கவனித்தேன். கடிதம் வந்த புதன்கிழமைகளில் கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள், பதில் எழுத வேண்டுமே. கடிதம் வராத புதன்கிழமைகளில் இருட்டும்வரை இருப்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்பாள். அப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை.

அதனால் போன வருடம் செப்டம்பரில் வந்த கடிதத்தை ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் அந்த வாரம் எழுதியதும் நன்றாக இருந்தது. கவலை அவள் எழுத்துக்கு ஒத்துக்கொண்டது.

அக்டோபர் கடிதத்தைக் கொடுக்கவில்லை. காசநோய் என்றும், சிறை மருத்துவமனையில் போட்டிருக்கிறார்கள் என்றும், நெருங்கிய உறவினர் ஒருவர் வந்து மூன்று நாள் தன்னுடன் தங்கலாம் என்றும் திலெக் எழுதியிருந்தான். "டிசம்பருக்குள் வா அம்மா" என்றிருந்தது. பனிக்காலத்தில் மலைச்சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டி நான்கு நாள் ரயில். அவளுக்கு மூட்டுவலி வேறு. போனால் அங்கேயே பக்கத்தில் ஏதாவது சமையல் வேலை தேடிக்கொண்டு இருந்துவிடுவாள் என்பதும் எனக்குத் தோன்றியது. பனி விடட்டும், மார்ச்சில் கொடுக்கலாம் என்று இழுப்பறையின் அடியில் வைத்தேன்.

இதற்குப் பிறகு அவள் எழுதியவற்றை அனுப்ப முடியாது. "ஏன் கடிதம் போடவில்லை" என்று அவள் கேட்டிருப்பாள், அவன் போட்டேனே என்று வேறு யார் மூலமாவது சொல்லி அனுப்புவான். வீண் குழப்பம். அவள் ஒட்டிக் கொடுத்த உறைகள் ஒட்டியபடியே இருக்கின்றன, நீங்களே பார்த்தீர்கள். ஒன்றைக்கூட நான் பிரித்துப் படிக்கவில்லை. பிறர் கடிதத்தைப் பிரிக்கிற அளவுக்குக் கீழே இறங்கியவள் இல்லை நான்.

ஜனவரியில் அவனுடைய கடைசிக் கடிதம் வந்தது. கோபமா, ஏன் எழுதுவதில்லை என்று கேட்டிருந்தான். மார்ச் முதல் வாரத்தில் சிறையிலிருந்து முத்திரை வைத்த ஓர் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி போட்டிருந்தது.

அன்று புதன்கிழமை. சோனுன் வந்தாள். கடிதம் இல்லை என்றேன். அது பொய் இல்லை, அறிவிப்பைக் கடிதம் என்று சொல்ல முடியாது.

மார்ச் மாதத் தலைப்பு, போய்ச் சேராத கடிதம். இதற்காக என்னைக் கல்நெஞ்சக்காரி என்று பெரிசாத் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைப்பை வருடத் தொடக்கத்திலேயே அட்டவணையில் போட்டாகிவிட்டது. அந்த வியாழக்கிழமை மூன்று பேர்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். திலெக்கின் ஜனவரிக் கடிதத்தை நான் பலமுறை படித்திருந்தேன். அந்த வருடம் என் கைக்கு வந்ததில் அதுதான் சிறந்த எழுத்து. அவள் ஒருமுறையாவது அதைக் காதால் கேட்கட்டும் என்று நினைத்தேன். இதில் கருணை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

சிறை, நோய், ஊர், பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். தேவையில்லாத இரண்டு வரிகளையும் வெட்டினேன். ஒன்றை மட்டும் வெட்டக் கை வரவில்லை. எழுத்தில் பழகிய யாருக்கும் வந்திருக்காது. "சின்ன வயதில் குட்டிக்குதிரைக்குக் காது குளிருமே என்று என் தொப்பியை அதற்குப் போட்டுவிட்டேன். நீ அடிக்கவில்லை. உன் முக்காட்டை அவிழ்த்து என் தலையில் கட்டினாய். அன்றைக்கு நாள் முழுக்க என்னைப் பெண்பிள்ளை என்று கேலி செய்தார்கள், எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை."

கால்பாக்கிலிருந்து அதை எடுத்தது பெரிசாத். நன்றாகப் படித்தாள். காதிர் பாதியிலேயே குறுக்கிட்டார்.

"இது சரியில்ல. ஆம்பளப் பய அம்மாகிட்ட இப்படியா குழைவான்? யாரோ பொம்பளை எழுதினது."

பெரிசாத் குதிரை வரிக்கு வந்தாள். சோனுன் கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அதை இன்னொரு தடவை படிம்மா."

படித்தாள்.

"இது யார் எழுதினது?"

"கேக்கக் கூடாதுல்ல சோனுன்" என்றேன்.

"அக்கா, அந்தக் குதிரை விஷயம் எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். இங்க நான் அதை எழுதினதே இல்ல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதினேன் என்று சொன்னேன். ஒரு நல்ல பக்கத்துக்கு முன்னால் அப்படிச் சொல்ல எனக்குச் சிறிது ஆசையும் இருந்திருக்கலாம்.

சோனுன் எழுந்தாள். எந்த இழுப்பறையிலிருந்து கடிதம் எடுப்பேன் என்று அவளுக்குத் தெரியும். போய்த் திறந்தாள். முதலில் அவள் கைக்கு வந்தது அவளுடைய உறைகள்தான். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள்.

"இதெல்லாம் போகவே இல்லையா அக்கா?"

"இல்லை."

"அவன் என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தானா?"

"ஆமாம்" என்றேன். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்கிறவள் நான்.

முத்திரை வைத்த தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், தெரியவில்லை. பெரிசாத்திடம் நீட்டினாள். அந்தப் பெண் இரண்டு வார்த்தை படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். காதிர் வாங்கி முழுவதும் படித்தார், வழக்கமான உரத்த குரலில் ஆரம்பித்து, போகப் போக யாருக்கும் கேட்காத குரலில். பிறகு தொப்பியைக் கவிழ்த்துத் தாள்களைத் தரையில் கொட்டி, அதைத் தலையில் வைத்துக்கொண்டு, சோனுனின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். தரையில் கிடந்தவற்றில் இரண்டை அன்று படிக்கவே இல்லை. எழுதியவர்களுக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது. ஆமாம், அவனுடைய கடிதங்களை அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளுடைய கடிதங்களை அவனுக்கு அனுப்பவில்லை. அம்மா தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அவன் செத்தான். அவன் சாவது தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோள். நூலகச் சாவி உங்களிடம் இருக்கிறது. சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவைத் திறந்து, அடுப்பை மூட்டி வைக்கச் சொல்லுங்கள். சோனுன் வருவாள். என்னை விட்டால் அவளுக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?