இடப்பக்கம் ஆறு படங்கள்

— அரை மணி நேரமா அந்த விளக்கு ஸ்டாண்டு அங்கதாங்க நிக்குது. நான் நகர்த்தவே இல்ல.

— நடுவழியில கம்பத்தை நட்டு வெச்சா யாரா இருந்தாலும் இடிச்சுக்குவாங்க. இது வீடா, சர்க்கஸ் கூடாரமா?

— கால்ல மணல் பை வெச்சிருந்ததால விளக்கு பிழைச்சுது. தோள்ல அடி பட்டுச்சா?

— அட விடு. பாப்பா ஹாஸ்டலுக்குப் போனதும் அவ ரூமை ஸ்டூடியோ ஆக்கிட்ட. பீரோவுல போர்வையக் கட்டித் தொங்க விட்டாச்சு, கட்டிலை நிமிர்த்திச் சுவத்துல சாய்ச்சாச்சு. லீவுக்கு வந்தா அவளை நிக்க வெச்சே தூங்க வைப்பியா?

— ஒரு நிமிஷம், பேசாம உக்காருங்க. முதுகு நேரா. முகவாயக் கொஞ்சம் இறக்குங்க.

— இருபத்திரண்டு வருஷமா பஸ் ஓட்டறேன். இதுவரைக்கும் எவனும் என் முகவாயப் பத்திப் பேசினதில்ல.

— எல்லாரும் உங்க முதுகைத்தானே பாக்கறாங்க.

— அதுவும் சரிதான். இன்னைக்கு என்ன பாடம், மேடம்?

— ஒரே விளக்கு. அதை ஒரு பக்கமா வெச்சா மூஞ்சியோட மறுபக்கம் இருட்டா விழும். அந்த இருட்டுப் பக்கமா இந்தத் தெர்மாகோல் அட்டையக் கொண்டுவந்தா, வெளிச்சம் அட்டையில பட்டுத் திரும்பி நிழல் லேசாகும். தூரத்துல ஆரம்பிச்சு அடி அடியா கிட்ட வரணும். அடிக்கு ஒரு படம், மொத்தம் ஆறு. அப்புறம் விளக்கைப் பக்கம் மாத்தி இன்னொரு ஆறு.

— இதைக் கத்துக்க ஒரு அட்டை, ஒரு புருஷன்.

— புருஷன் வீட்டுலயே கெடைச்சுது. அட்டைக்குத்தான் கடை கடையா அலைஞ்சேன்.

— நான் எங்க பாக்கணும்?

— லென்ஸை. கேமரா முக்காலியில நிக்குது. நான் அட்டையப் பிடிச்சுக்கிட்டு ரிமோட்ல எடுப்பேன். என்ன ஆனாலும் கண்ணை லென்ஸை விட்டு எடுக்காதீங்க. இப்ப ரைட் சைடுலேர்ந்து வர்றேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. பாருங்க, கண்ணு ஓடுது.

— மதில் சுவரே நடந்து வர்ற மாதிரி இருக்கு, ஓடாம என்ன பண்ணும்?

— நாலு. அஞ்சு. ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஆறு. சரி, போதும். விளக்கை இந்தப் பக்கம் மாத்தறேன். எழுந்திருக்காதீங்க, ஒயர் கிடக்கு.

— எழுந்திருக்கல. ஒரு தடவை இடிச்சது போதும்.

— திங்கட்கிழமை எத்தனை மணி டிரிப்பு?

— அஞ்சரை. ரெண்டு மாசம் ஆச்சு ஸ்டியரிங்கைத் தொட்டு. கண்டக்டர் தம்பி காலையில போன் பண்ணான். "அண்ணே, உங்க சீட்டைத் துடைச்சு வெச்சிருக்கேன், வாங்க"ன்னான். விசாரணை அதிகாரி அன்னைக்கு எழுந்து நின்னு கை குடுத்தாரு, தெரியுமா? அந்த விபத்துல தப்பு முழுக்க சைக்கிள்ல வந்த தச்சர் மேலதான்னு எழுதியாச்சு.

— அந்தத் தச்சருக்கு இன்னும் கால் ஊன முடியலையாமே.

— கேள்விப்பட்டேன். பாவம்தான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

— லென்ஸைப் பாருங்க.

— பாக்கறேன்.

— …

— என்ன, இந்தத் தடவை எண்ணலையா?

— …

— கிளிக்கு சத்தம் மட்டும் வருது. பேச்சையே காணோம். கோவமா?

— …

— எங்க போய்ட்ட? தண்ணி குடிக்கப் போனா சொல்லிட்டுப் போ. நான் இங்க பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன்.

— போகல. தலையத் திருப்பாதீங்க. அட்டை எங்க இருக்கு, சொல்லுங்க.

— எங்க இருக்கும்? சுவத்துல சாய்ச்சு வெச்சிருப்ப.

— உங்க லெஃப்ட் காதுக்கு ஒரு சாண்ல இருக்கு. கையத் தூக்கித் தொடுங்க.

— இப்பதானே கொண்டு வந்த.

— ஆறு படமும் எடுத்து முடிச்சாச்சு.

— நீதானே லென்ஸையே பாருன்ன. பாத்தேன். சொன்ன பேச்சைக் கேட்டா அதுவும் தப்பா?

— ரைட் சைடுல மூணாவது படத்துலயே கண்ணு அட்டைக்கு ஓடிடுச்சு. லெஃப்ட்ல ஆறுலயும் அசையல. இந்தாங்க, கேமராவுலயே பாருங்க. இது ஆறாவது. படத்துல கால்வாசி அட்டைதான் தெரியுது. உங்க மூஞ்சியப் பாருங்க, யாருமே இல்லாத ரூம்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு.

— ட்ரைவர் கண்ணும்மா. ரோட்டுல வெச்ச கண்ணு வாங்காது. நான் பாக்காத ரோடா?

— சரி, கேளுங்க. என் மூக்கைப் பாருங்க. மூக்கை மட்டும். இந்தக் கையில எத்தனை விரல்?

— மூணு. ஸ்கூல் விளையாட்டு எல்லாம் எதுக்கு இப்போ?

— இந்தக் கையில?

— ரெண்டு.

— அந்தக் கைய நான் தூக்கவே இல்லைங்க. எத்தனை நாளா?

— விளக்கை அணை. கண்ணு கூசுது.

— அணைச்சுட்டேன். எத்தனை நாளா?

— வெயில் காலத்துல ஒருநாள் தலைவலின்னு பாதி டூட்டியில வந்து படுத்தேனே, அன்னைக்கு. மறுநாள் பல் தேய்க்கப் போனா, கண்ணாடியில சோப்பு டப்பா இல்ல. தலையத் திருப்பினா இருக்கு. நேரா பாத்தா இல்ல.

— இருட்டா தெரியுதா?

— இருட்டா தெரிஞ்சா பரவாயில்லையே, இருட்டுன்னாவது தெரியும். உன் முதுகுக்குப் பின்னாடி என்ன தெரியுது உனக்கு? ஒண்ணுமில்லல்ல? அது மாதிரி. அந்தப் பக்கம்னு ஒண்ணே இல்ல.

— டாக்டர்கிட்ட?

— போனா சீட்டு எழுதுவாரு. சீட்டு டிப்போவுக்குப் போகும்.

— டிப்போவுலயும் கண் டெஸ்ட் வெக்கறாங்களே, எப்படித் தப்பிச்சீங்க?

— தப்பிக்கல. கடைசி வரி வரைக்கும் படிச்சேன், பொடி எழுத்து. நேரா இருக்கறது எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. பக்கத்துல என்ன தெரியுதுன்னு அங்க யாரும் கேக்கறதில்ல, நானும் சொல்லல. வண்டியில கண்ணாடி இருக்கு, கழுத்து இருக்கு. கண்டக்டர் தம்பி லெஃப்ட் ஓரத்தைப் பாத்துச் சத்தம் குடுப்பான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணனுக்குக் கழுத்துப் பிடிப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்.

— நான் ஒண்ணு கேக்கறேன். கோவப்படாம பதில் சொல்லணும்.

— கேக்காத.

— அந்தத் தச்சர் எங்கேர்ந்து வந்தாரு?

— எழுதிக் குடுத்திருக்கேனே. சந்துலேர்ந்து திடீர்னு குறுக்க பாய்ஞ்சாரு.

— எழுதினதை நானும் படிச்சேன். பாய்ஞ்சதைப் பாத்தீங்களா?

— சத்தம்தான் கேட்டுச்சு. தகரத்தை மிதிச்ச மாதிரி ஒரு சத்தம். பிரேக்கை அமுக்கினேன், நெத்தி போய் ஸ்டியரிங்ல இடிச்சுது. இறங்கிச் சுத்திவந்து பாத்தா சைக்கிள் சக்கரம் சுத்திக்கிட்டிருக்கு. அதுவரைக்கும் அங்க ஒரு மனுஷன் இருந்ததே எனக்குத் தெரியாது.

— ஓரமா நேராத்தான் போனேன், பஸ்தான் என் மேல சாய்ஞ்சுதுன்னு அவர் விசாரணையில சொன்னாராமே.

— சொன்னாரு. அவரை நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க. என்னைப் பாத்துத்தான் சொன்னாரு.

— நீங்க?

— நான் என்ன சொல்லறது? குறுக்க வந்திருப்பாருன்னு முதல்ல நினைச்சுக்கிட்டேன். நினைச்சு நினைச்சு, அவர் வந்த சந்துகூடக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுடுச்சு. சந்து வாசல்ல ஒரு தள்ளுவண்டி நிக்குது, அதைச் சுத்திக்கிட்டு வர்றாரு. அதிகாரிகிட்ட தள்ளுவண்டியையும் சேர்த்தே சொன்னேன். நம்பிட்டாரு.

— திங்கட்கிழமை போகாதீங்க.

— போகாம?

— எனக்குப் பயமா இருக்குங்க.

— எனக்கு மட்டும் இல்லையா? ஸ்கூல் ஸ்டாப்பிங்ல பசங்க லெஃப்ட்லதான் நிப்பாங்க. வண்டி நின்னதும் தலையத் திருப்பி எண்ணுவேன். ஏறினவங்க எத்தனை, கீழ எத்தனை. கிளம்பறதுக்கு முன்னாடி மறுபடி எண்ணுவேன். சில நாள் ஒண்ணு குறையும். அது வீட்டுக்குப் போயிடுச்சா, சக்கரத்துகிட்ட குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுதா? எனக்கு எப்படித் தெரியும்? மெதுவா கிளட்சை விடுவேன். சத்தம் வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டு விடுவேன்.

— இப்படியும் ஓட்டணுமா?

— கீழ இறங்கிட்டா நான் யாருடி? டிப்போ கேட்டுல உக்காந்து வர்ற போற வண்டிக்கு நம்பர் எழுதணும். நேத்து வரைக்கும் எனக்குக் கீழ இருந்த பசங்க, "என்னண்ணே, நம்பர் தெரியுதா"ன்னு கேட்டுட்டுப் போவானுங்க.

— கேக்கட்டும். கேட்டுட்டு வீட்டுக்கு முழுசாப் போவாங்கல்ல, ரோட்டுல போறவங்களும்.

— நீ லேசா சொல்லிட்ட.

— நீங்களே போய்ச் சொல்லிடுங்க. ஓட்ட மாட்டேன்னு சொல்லுங்க. தச்சர் சொன்னதுதான் நிஜம்னும் சொல்லுங்க.

— வேலையும் போய் ஜெயிலுக்கும் போகச் சொல்லறியா?

— நீங்க சொல்லலேன்னா நான் போய்ச் சொல்லுவேன்.

— சொல்லுவியா? என் மேலயா?

— ஆமா.

— போய்ச் சொல்லு. உன்கிட்ட என்ன இருக்கு? இன்னைக்கு எடுத்த ஆறு படம். நெத்தியில நாலு தையல் போட்ட தழும்பு இருக்கு, பாத்தியா? அந்த அடியிலதான் பார்வை போச்சுன்னு சொல்லிடுவேன். விபத்துக்கு முன்னாடி நல்லா இருந்த கண்ணு, விபத்தாலதான் போச்சுன்னு சொல்லுவேன். எந்த டாக்டர் வந்தாலும் இல்லேன்னு சாதிக்க முடியாது. நஷ்ட ஈடே குடுப்பாங்க.

— அப்படிச் சொல்ல முடியாதுங்க.

— ஏன் முடியாது? யாருக்குத் தெரியப் போகுது?

— இதே பாடத்தை முன்னாடியும் ஒரு தடவை எடுத்திருக்கேன். அப்ப விளக்குகூட இல்ல, ஜன்னல் வெளிச்சம்தான். வெள்ளை அட்டைக்குப் பதிலா பாப்பாவோட சார்ட் பேப்பர். ரைட்ல ஆறு, லெஃப்ட்ல ஆறு. நீங்க பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருந்தீங்க, வந்து பத்து நிமிஷம் நேரா பாருங்கன்னு கூப்பிட்டேன். லெஃப்ட் ஆறும் இன்னைக்கு மாதிரியேதான்.

— அது எப்பவோ எடுத்ததா இருக்கும். தேதிய மாத்தலாம், என்ன வேணா பண்ணலாம்.

— தேதியே வேண்டாங்க. அந்தப் படத்துல உங்க நெத்தியில தையல் தழும்பு இல்ல. ஏன் எழுந்துட்டீங்க? உட்காருங்க. ஸ்டாண்டு இருக்கு, இடிச்சுக்காதீங்க.

— விபத்துக்கு எத்தனை நாள் முன்னாடி?

— பத்தொன்பது நாள்.

— அப்ப படத்தை எடுத்த, போட்டு வெச்ச. இன்னைக்குத்தான் திரும்ப எடுத்துப் பாத்த. அப்படித்தானே? அன்னைக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது உனக்கு. புதுசா கத்துக்கறவதானே.

— அன்னைக்குச் சாயங்காலமே கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பாத்தேன். பன்னெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு.

— பாத்துட்டு?

— பாத்துட்டு, மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு உங்களை எழுப்பி, சாப்பாடு கட்டிக் குடுத்து, டூட்டிக்கு நேரமாச்சுன்னு நான்தாங்க அனுப்பி வெச்சேன்.