மூன்றாம் மேட்டின் கொடி

மோகனா, வேன் ஓட்டுவதில் எனக்கு ஒருநாளும் அலுப்பு வந்ததில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை லிங்கியிலிருந்து சுங்கை காடுட் தொழிற்சாலைக்குப் பதினான்கு பெண்களை ஏற்றிப்போய் இறக்குகிறேன். சனிக்கிழமையானால் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, என் தம்பி அர்ச்சுனனின் மோட்டார் சைக்கிளையும் உன் வீட்டுக்காரர் புனிதனின் மோட்டாரையும் கயிறு போட்டுக் கட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெருமுனை வரை வந்து கையசைத்தவள் நீ.

போன வாரம் நீ என் வீட்டுக்கு வந்து போனதிலிருந்து இதை எழுத நினைக்கிறேன். நேரில் சொன்னால் பாதியிலேயே நீ அழுவாய், நான் நிறுத்திவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

ஆரம்பத்தில் தூரம் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை மறுநடவுக்காகக் காலியாகக் கிடந்த நிலத்தில் மண்ணைக் குவித்து ஓட்டினார்கள். அரை மணி நேரப் பயணம். பிறகு ஜொகூர். பிறகு கெடா, ஆறு மணி நேரம். கிளந்தானுக்கு ஒன்பது மணி நேரம், மழை பிடித்துக்கொண்டால் பதினொன்று. வாரமெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் சேற்றில் ஓட்டுவதற்காக நாட்டின் அந்தக் கோடி வரை போனோம். ஜெயித்தால் ஒரு கோப்பை, டயர் கடைக்காரர் கொடுக்கும் ஒரு சட்டை. தூரத்துக்கு நான் பயப்படவில்லை. ஆனால் தூரம் கூடக் கூட மண்மேடுகளும் உயர்ந்துகொண்டே போயின. மோட்டாரோடு பறந்து அர்ச்சுனன் மேட்டுக்கு அந்தப் பக்கம் மறையும்போதெல்லாம், அவன் தலை மறுபடி தெரியும்வரை வினாடிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அப்பா முன்பே போய்விட்டார். அர்ச்சுனனுக்கு ஒன்பது வயதில் அம்மாவும் போய்விட்டார். எனக்கு அப்போது இருபது. எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். கெடாவில் அவன் தோள் எலும்பு முறிந்தது. கிளந்தானில் அவன் வயதுப் பிள்ளை ஒருவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். கண் திறந்தே இருந்தது, ஆனால் அது யாரையும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கை நடுங்கும், ஸ்டீரிங்கைப் பிடித்தால் மட்டும் நிற்கும். விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். ஒருமுறை அவன் காலில்கூட விழுந்தேன். "சரிக்கா" என்றான். சனிக்கிழமை விடிந்தால் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் புனிதன் இருவர் பெயரையும் தாய்லாந்துப் பந்தயத்துக்குப் பதிவு செய்தார். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். அந்தத் தடத்தின் வீடியோவைக் கைப்பேசியில் எனக்குக் காட்டினார். மேடு ஒரு மாடி உயரம் இருந்தது.

"உங்க தம்பி மாதிரி மேடு தாண்ட இங்க ஆளே இல்லக்கா. அவன உள்ளூர்லயே வச்சிருந்தா பாவம் லா" என்றார்.

பாசத்தோடுதான் சொன்னார், நான் மறுக்கவில்லை. உன் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அர்ச்சுனனுக்கு அவர் வார்த்தைதான் வேதம். பத்து வருடமாக நான் சொன்னது எதுவும் அந்த ஒரு பேச்சின் முன்னால் நிற்கவில்லை.

தாய்லாந்துக்குப் போவதற்கு முன் பகாங்கில் ஒரு தோட்டத்தில் பந்தயம் இருந்தது. இந்த மாதிரி இடங்களில் கொடி பிடிக்க ஆள் பற்றாது. கூட வந்த குடும்பத்தாரில் யார் சும்மா நிற்கிறார்களோ அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். "காக், தோலோங் லா" என்று மலாயில் உதவி கேட்டு நிர்வாகி என்னிடம் மஞ்சள் கொடியை நீட்டினார். அவருக்கு உதவி செய்வது எனக்குப் புதிதல்ல. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் விழுந்து கிடந்தால் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. மேட்டருகில் நிற்கிறவர் கொடியை ஆட்டினால் வருகிறவர் வேகத்தைக் குறைத்து, பறக்காமல் மெல்ல உருட்டிக்கொண்டு தாண்டுவார். அவ்வளவுதான் வேலை. எனக்கு மூன்றாவது மேட்டைக் கொடுத்தார்கள்.

நான்காவது சுற்றில் புனிதன் முதலாவதாக வந்தார். தாண்டி இறங்கியதும் முன்சக்கரம் சேற்றில் திரும்பிக்கொண்டது. விழுந்தார். பெரிய அடி இல்லை, ஆனால் கால் மோட்டாருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தலையைத் தூக்கி என்னைத்தான் பார்த்தார். கொடியை ஆட்டச் சொல்லிக் கையால் காட்டினார். அடுத்து வந்துகொண்டிருந்தது அர்ச்சுனனின் ஆரஞ்சு ஹெல்மெட். எட்டு வினாடியாவது இருந்தது. தினமும் வேன் ஓட்டுகிறவளுக்கு வினாடிக் கணக்கு தப்பாது.

நான் கொடியை ஆட்டவில்லை. மறந்துபோகவில்லை, திகைத்தும் நிற்கவில்லை. கொடியைக் காலோடு சேர்த்து ஒடுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு மனிதனின் மேல் மோட்டாரோடு ஒருமுறை இறங்கினால் இவன் இனி மோட்டாரைத் தொடமாட்டான் என்று தோன்றியது. அந்த வருடத்தில் எனக்குப் பயமில்லாமல் போனது அந்த எட்டு வினாடி மட்டும்தான். புனிதனுக்குக் கால்தான் போகும் என்று நினைத்தேன். கால் போனால் அவரும் தாய்லாந்துக்குப் போகமுடியாது, உனக்கும் அவர் வீட்டோடு இருப்பார்.

அர்ச்சுனனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நீ கேட்கலாம். ஆகாது என்று தெரியும். அவனைப்போல் மேடு தாண்ட ஆள் இல்லை.

அவன் பறந்து வந்து புனிதன் மேலேயே இறங்கினான். அவனுக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு மட்டும்தான். ஹெல்மெட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, புனிதனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். உயிர் அதற்குள் போயிருந்தது. அப்புறம் வந்தவர்களுக்கு நான் கொடியை ஆட்டினேன், கை ஓயும்வரை ஆட்டினேன். எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள், போலீசிடம் அதையே சொன்னார்கள். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது வேனில் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, கொடி ஆட்டுனியா?"

"ஆட்டுனேன் தம்பி. நீதான் பாக்கல."

உன் காலில் விழுந்து, தான் கொடியைக் கவனிக்கவில்லை என்று அழுதானே, அது பொய்யில்லை. அவன் அப்படித்தான் நம்புகிறான்.

நாலு மாதம் நன்றாக இருந்தோம். என் வேனிலேயே வேலைக்கு வந்தான், என் வேனிலேயே திரும்பினான். சனி ஞாயிறு வீட்டில்தான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பான், மெலிந்துவிட்டான், அதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

போன வாரம் நீ வந்தாய். புனிதனின் கையுறைகளை அவன் மடியில் வைத்தாய்.

"உன் மேல எனக்குக் கோபமே இல்ல அர்ச்சுனா. அவரு இருந்தா உன்ன ஓட்டத்தான் சொல்லுவாரு. அவருக்காகப் போய்ட்டு வா" என்றாய்.

அவன் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். மறுநாள் சங்கிலிக்கு எண்ணெய் எங்கே என்று கேட்டான். எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது மோகனா. இப்போது ஸ்டீரிங்கைப் பிடித்தாலும் நிற்பதில்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

நீ போலீசுக்குப் போகலாம், நான் தடுக்கமாட்டேன். கேட்டால் இதையேதான் சொல்வேன். கொஞ்ச நாள் மட்டும் பொறு. அவன் மோட்டாரை விற்றுவிடட்டும். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்தால் அன்று சாயங்காலமே அதைக் கிளப்பிவிடுவான்.

சனிக்கிழமை அவன் உன்னைப் பார்க்க வருவதாகச் சொல்கிறான். அவனிடம், 'யோசித்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை, உன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை' என்று சொல்லி அனுப்பிவிடு. உன்னால் அது முடியும். கோபம் உனக்கு இருக்கும், அதை என்மேல் வைக்காமல் அவன்மேல் வை. கொஞ்ச நாளைக்குத்தான்.

மீறி நீ அவனை மன்னித்து, அவனுக்கு ஏதாவது ஆனால், ஓர் உயிரைக் கொன்ற பாவம் உன்னைத்தான் சேரும்.