"கீப்பர்" என்று கத்தியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் கால்பந்துக் கழகத் தலைவர் அவர்களே, பயிற்சியாளர் அவர்களே, மகனை இழந்த அம்மா அவர்களே, அரங்கு நிறைந்த பெரியவர்களே, தோழியரே, வணக்கம்.

நம் கழகத்தின் கோல்கீப்பர், போரில் அடிபட்டவர்களைத் தூக்கிவரும் பிரிவில் பணியாற்றி உயிர் நீத்தவர், நாம் எல்லோரும் கொக்கு என்று அழைத்தவர். அவரைப் பற்றிப் பேச, பள்ளி அணியின் கோல்கீப்பர் என்பதால் என்னை அழைத்தார்கள். அவருக்கு முன்னால் நின்று தடுப்பாட்டம் ஆடியவரின் தங்கை என்பதால் நான் ஒத்துக்கொண்டேன்.

அவர் அஞ்சாநெஞ்சர் என்று இங்கே சொன்னார்கள். மன்னிக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் அவருக்கு வயிற்றைக் கலக்கும். உடைமாற்றும் அறையின் கழிவறையை அவரிடமிருந்து மீட்பதே பெரும்பாடு என்பார் என் அண்ணன். ஆனால் பந்து உயர்ந்து வந்தால் "கீப்பர்!" என்று குரல் வரும். பந்து என்னுடையது, மற்றவர்கள் நில்லுங்கள் என்று பொருள். ஒருமுறை என் அண்ணன் நிற்கவில்லை. இருவரும் மோதினார்கள். பந்து நம் வலைக்குள் போனது. கொக்கு அண்ணனின் முன்பல் புல்லுக்குள் போனது.

"பல்லு போனா போகுது. நான் கத்துனா நில்லுடா மாப்ள."

"பந்து என் தலைக்கு நேரா வந்துச்சுடா."

"பந்துக்குள்ளயும் காத்து, உன் தலைக்குள்ளயும் காத்து. சொந்தக்காரன்னு தேடி வந்திருக்கு."

அதன்பிறகு அந்தக் குரலுக்கு என் அண்ணன் நிற்காமல் இருந்ததே இல்லை.

போரிலும் இருவரும் ஒரே பிரிவில்தான் இருந்தார்கள். ஒரு காலையில், அவர்கள் பதுங்கியிருந்த பள்ளத்துக்கு அப்பால், சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தார். இருவரும் எழுந்தார்கள். "கீப்பர்!" என்றார் கொக்கு அண்ணன். என் அண்ணனின் கால்கள் நின்றுவிட்டன. அவர் யோசித்து நிற்கவில்லை; பழகிய கால்கள் நின்றன. கொக்கு அண்ணன் ஓடிப்போய், அடிபட்டவரை இழுத்துவந்து பள்ளத்துக்குள் தள்ளினார். தானும் இறங்குவதற்குள் அடுத்த குண்டு விழுந்தது.

காப்பாற்றப்பட்டவர் ஊன்றுகோலுடன் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். என் அண்ணன் வாசலருகே நிற்கிறார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வீடு திரும்பியதிலிருந்து அவர் பந்தைத் தொடவில்லை. "நான் ஏன் நின்னேன்?" என்பதைத் தவிர எங்களிடம் அதிகம் பேசுவதும் இல்லை.

நானும் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பவள்தான். கீப்பர் எதற்காகக் கத்துகிறார்? பந்தைப் பிடிக்கவா? அதற்குக் கை போதுமே. பக்கத்தில் ஓடிவருபவருக்கு அடிபடக் கூடாது என்றுதான் கத்துகிறார். அன்றும் அதற்காகத்தான் கத்தினார். அவர் கேட்டதை என் அண்ணன் செய்தார்.

கொக்கு அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் உறுதி சொன்னார்கள். என் உறுதி சிறியது. சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கு ஆட்டம் இருக்கிறது. என் முன்னால் நின்று பழக ஓர் ஆள் வேண்டும்.

அண்ணா, நாளைக்கு மைதானத்துக்கு வா. நான் கத்துறேன். நீ நில்லு.