எட்டு மாடிக் கனவுகள்

லிஃப்டில் ஏறுகிறவர்கள் யாரும் லிஃப்ட்காரனைப் பார்ப்பதில்லை, டாக்டரம்மா. கண்ணாடியைப் பார்ப்பார்கள், செல்போனைப் பார்ப்பார்கள், கதவுக்கு மேலே மாறும் எண்களைப் பார்ப்பார்கள். எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்துவது என் உத்தியோகம். அவர்களுக்கே அழுத்தத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரை வண்டி ஓடும்.

என் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏன் ஏறியது, ஏழு மாத வயிற்றோடு அவள் ஏன் தூங்க மறுத்தாள், வீட்டில் ஏதாவது தொந்தரவா என்று கேட்டீர்கள். ஒளிக்க எதுவும் இல்லை. நிதானமாகவே சொல்கிறேன்.

மசக்கை விட்டதும் அவளுக்குக் கனவுகள் ஆரம்பித்தன. முதல் கனவில் குழந்தை மீசையோடு பிறந்து, "கரென்ட் பில் கட்டியாச்சா?" என்று கேட்டதாம். பல் துலக்கிக்கொண்டே சொன்னவள், சிரிப்பு தாங்காமல் நுரையை என் சட்டையில் தெறிக்கவிட்டாள். கறையோடு வேலைக்குப் போனேன். நான்காம் மாடி வக்கீல், இத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்து, "என்னப்பா சட்டையில?" என்றார். சொன்னேன். இறங்க மறந்து ஆறாவது மாடிவரை வந்து, முழுக்கக் கேட்டுவிட்டுப் படிவழியாக இறங்கிப் போனார். படி என்றாலே ஆகாத தொப்பைக்காரர் அவர்.

அன்று என் முதுகு தானாக நிமிர்ந்தது.

மறுநாள், "இன்னிக்கு என்ன பொறந்துச்சு?" என்று கேட்டபடியே ஏறினார்கள். முதலைக்குட்டி பிறந்திருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்து, அப்படியே அப்பா ஜாடை என்றார்களாம். இன்னொரு நாள் குழந்தையைத் துணியோடு துணியாக மடித்து பீரோவில் வைத்துவிட்டு, எந்தத் தட்டு என்று மறந்துபோனாள். எட்டு மாடிக்குள் கதையை முடிக்கக் கற்றுக்கொண்டேன். பெரிய கனவாக இருந்தால் நடுவில் ஏதாவது ஒரு மாடியில் கதவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வேன். ஏழாம் மாடியில் டைப் அடிக்கும் அம்மா இறங்காமல் மறுபடி கீழே வந்து மேலே போவார். "பாவம்ப்பா உன் பொண்டாட்டி. அப்புறம்?" என்பார். அந்த 'அப்புறம்' எவ்வளவு ருசி என்பது, வாழ்நாளில் அதை யாரும் கேட்காதவனுக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து நீங்கள் குறுக்கே வந்தீர்கள். சீக்கிரம் சாப்பிடு, இடது பக்கமாகப் படு, மனதை லேசாக வைத்துக்கொள் என்றீர்கள். கைராசிக்காரர் நீங்கள். அன்றிலிருந்து அவள் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். காலையில் கேட்டால், "ஒண்ணும் வரலீங்க, நல்லாத் தூங்கினேன்" என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்.

நானே ஒன்றை இட்டுக்கட்டிப் பார்த்தேன். இரட்டைக் குழந்தை, அதில் ஒன்று நரி. வக்கீல் இரண்டாம் மாடியிலேயே கையைத் தூக்கிவிட்டார். "இது உன் சரக்கு. வீட்டுச் சரக்கைக் கொண்டா." மற்றவர்கள் செல்போனுக்குத் திரும்பினார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவளை நான் பயமுறுத்தவே இல்லை. ஆறுதல்தான் சொன்னேன். படுக்கும்முன் தலையைக் கோதியபடி, "ஆஸ்பத்திரியில குழந்தை மாறிப்போறதெல்லாம் எப்பவோ ஒண்ணுதான். நீ அதையே நெனச்சிட்டு இருக்காத" என்றேன்.

அதுவரை அவள் அதை நினைக்கவே இல்லை. "மாறுமா?" என்றாள்.

"மாறாதுன்னுதானே சொல்றேன்."

மறுநாள் சரக்கு முதல் தரம். வரிசையாகப் போர்த்திக் கிடந்த குழந்தைகளை அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க, எல்லாமே பூசணிக்காய்.

அதற்குப் பிறகு தினம் ஓர் ஆறுதல். குளிப்பாட்டும்போது கை வழுக்குவது எல்லாத் தாய்க்கும் சகஜம் என்றேன். பிறந்ததும் குழந்தை அழவில்லை என்றால் உடனே பதறக் கூடாது, சிலது தாமதமாக அழும் என்றேன். பெற்றவளையே பிடிக்காமல் போகிற குழந்தைகள் ரொம்பக் குறைவு என்றேன். ஒன்றுகூடப் பொய் இல்லை, யோசித்துப் பாருங்கள். கனவுகளில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது உண்மைதான். ஆனால் லிஃப்டில் கூட்டம் கூடியது.

கடைசியில் அவள் படுக்கவே மாட்டேன் என்றாள். சமையலறையில் நாற்காலி போட்டு, விளக்கைப் போட்டு, தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். "என்னங்க, எங்கூடப் பேசிட்டே இருங்க. நான் கண்ணை மூடினா குழந்தைக்கு ஏதோ ஆயிடுது" என்றாள். முழங்கைவரை சிவந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்நெஞ்சக்காரன் இல்லை நான். எண்ணெய் தடவிவிட்டேன். தூங்காவிட்டால் கனவுக்கு எங்கே போவது என்ற கவலையும் கூடவே வந்தது. மனித மனம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கும்.

"நீ தூங்கு. நான் முழிச்சிருந்து பாத்துக்கறேன்" என்று சத்தியம் செய்தேன். நம்பினாள். என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். நான் விழித்துத்தான் இருந்தேன், வாக்குத் தவறவில்லை. அவள் முகம் கோணி, வாய் குழறி, கையால் காற்றைத் துழாவியபோது எழுப்பவில்லை, அவ்வளவுதான். பாதியில் எழுப்பினால் முடிவு கிடைக்காதே.

அந்தக் கனவில் அவள் குழந்தையோடு லிஃப்ட் வாசலில் நிற்கிறாள். குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது. கதவு திறக்கிறது. உள்ளே ஒரே கூட்டம், ஒரே சிரிப்பு. நடுவில் லிஃப்ட்காரன் அவளுக்கு முதுகைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான். கூப்பிடுகிறாள். "இரும்மா, முடிச்சிட்டு வரேன்" என்று திரும்பாமலே கதவை மூடிவிடுகிறான்.

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தம் குரலில் இருக்கும்போதே சொன்னால் நன்றாக எடுபடும் என்று, அன்று காலையே லிஃப்டில் சொன்னேன். எட்டு மாடியும் யாரும் செல்போனை எடுக்கவில்லை. டைப் அடிக்கும் அம்மா இறங்கும்போது, "அந்த லிஃப்ட்காரன் யாருப்பா?" என்றார்.

"தெரியலீங்க. முகம் சரியாத் தெரியலையாம்."

மத்தியானம் அவள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் இருந்து போன் வந்தது.

ஆகவே டாக்டரம்மா, செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தம் இறங்கிவிட்டது, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதைக்கு அவளைப் பார்க்கக் கூடாது என்கிறீர்கள். கட்டுப்படுகிறேன். இனிமேல் அவளிடம் கனவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். திருந்திவிட்டேன்.

ஆனால் விடியற்காலையில் அவள் ஏதோ உளறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாளாம். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்களாம். நர்ஸம்மா சொன்னார். அப்படி என்ன கண்டாள்? கட்டிய புருஷன் என்கிற அக்கறையில்தான் கேட்கிறேன். கொஞ்சம் விவரமாகவே சொல்லுங்கள். முடிவை மட்டும் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்.